மரக்கடைப் பூஞ்சை

ஜெர்மனி,
நவம்பர் 2007

அன்புள்ள அம்மாவுக்கு ஃபஹீமாவின் சலாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அத்தா மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

கீழ்க்கட்டளையில் நம் மரக்கடையின் ஈரக்கட்டையிலிருந்து ஒரு பூஞ்சையைச் சுரண்டி எடுத்து வந்தேனே, அது இங்கே மருந்தைச் சுரக்கவே மாட்டேன் என்றது. அந்த மருந்துக்கான ஜீன்களை அதிலிருந்து எடுத்து, சோயாவைப் புளிக்கவைக்கும் இன்னொரு பூஞ்சைக்குள் வைத்தேன். மருந்து சுரந்தால் வளர்ப்புத் தட்டில் மஞ்சள் நிறம் தெரியும்; பெருநாளன்று காலை அது தெரிய வேண்டியிருந்தது.

"எனக்கு மாசத் தொந்தரவு, இன்னிக்குத் தொழுகை இல்லடி. நீ நிம்மதியா போயிட்டு வா, தட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள் என்னோடு இதே ஆய்வகத்தில் இருக்கும் நம் கேளம்பாக்கம் ஷாயிஸ்தா.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். நான் தொழுதுவிட்டு வருவதற்குள் பேராசிரியரை அழைத்து, மஞ்சளைத் தன் வேலை என்று காட்டிவிட்டாள். அவரும் அவளைத்தான் நம்பினார். கட்டுரையில் அவள் பெயர் முதலில். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில்.

பெரிய விஷயமில்லை, அத்தாவிடம் சொல்லாதீர்கள். எங்களுக்கு ஒரே சமையலறை. நேற்றுகூட, "உனக்கும் சேர்த்து ரசம் வைக்கட்டுமாடி?" என்று கேட்டாள். பசியில்லை என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எலுமிச்சை ஊறுகாய் இனி இரண்டு பாட்டில் வேண்டாம், ஒன்று போதும். மூடியில் என் பெயரை எழுதி அனுப்புங்கள்.

ஃபஹீமா