குர்பான் ஆட்டுக்கு நீங்கள் அடித்த மருந்து

மச்சான்,

ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை பெருநாள் சாமான் வாங்கக் கல்முனைச் சந்தைக்குப் போன இடத்தில், முன்பின் அறியாத ஓர் ஆம்பிளைக்குப் பின்னால் நடந்து போனேன். வெண்டிக்காய்க் கடையில் பக்கத்தில் நின்ற மனிசன் அசைய, அந்த வாசம் வந்தது. வயலுக்கு அடிக்கிற மருந்து, அதற்குள் வேர்வை, அதற்கு மேல் சிவப்புச் சவுக்காரம். உங்கட வாசம். கால் தன்பாட்டில் போய்விட்டது. மீன் பக்கம் போனதும் அவர் திரும்பி, "என்ன ராத்தா, என்னையா தேடுறீங்க?" என்று கேட்டார். "இல்ல தம்பி, சூடை மீன் எங்க வச்சிருக்காங்க?" என்றேன். சூடைக் கூடைக்கு முன்னால்தான் ரெண்டு பேரும் நின்றோம்.

மௌத்தாகி மண்ணுக்குள் போயும் என்னை மானம் கெடுக்கிறீர்கள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பள்ளிக்கூடம் போன காலம் உங்களுக்குத் தெரியும். மழைக்கு ஒதுங்கின மாதிரி.

உம்மா ஒரே வளவைப் பிரித்து மூத்தவள் ராத்தாவுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் சீதனமாகத் தந்தா. ராத்தாவுக்கு மாப்பிள்ளையாக வந்த உங்களையும் சேர்த்து எனக்குத் தந்துவிட்டா. நடுவில் ஒரு கிடுகு வேலி. அங்கால உங்கட மருந்துப் போத்தல்கள், இங்கால என்ட கோழியும் ஆடும். நாவிதன்வெளி வயலில் அடித்துவிட்டு வந்து, முதுகில் சுமக்கிற மருந்து டாங்கியைக் கிணற்றடியில் கழுவுவீர்கள். அந்தத் தண்ணி நேரே என் கோழிகள் கிளறுகிற இடத்துக்கு வரும். வெறும் மருந்துக் கானை வெட்டி, "ஆட்டுக்குத் தண்ணி வைக்க நல்ல பாத்திரம் மச்சி" என்று ஒரு நாள் சீர்வரிசை மாதிரிக் கொண்டுவந்து தந்தீர்கள். அதை வேலிக்கு மேலால் திருப்பி எறிந்தேன். காலில் பட்டது என்று ராத்தாவிடம் முறையிட்டீர்களாம். நான் குறி பார்த்தது தலைக்கு.

புல்லுக்கும் பூச்சிக்கும் எலிக்கும் எறும்புக்கும் உங்களிடம் ஒரே பதில்தான்: "ஒரு மூடி காணும் மச்சி." போத்தல் மூடிதான் உங்கட அளவுகோல், உங்கட ஆலிம், உங்கட டொக்டர். மேற்சட்டை இல்லாமல் அடிப்பீர்கள். கையைச் சாரனில் துடைத்துவிட்டுச் சோற்றில் வைப்பீர்கள். ஆனால் உங்கட மஞ்சள் பூனை டாங்கிக்குக் கிட்ட வந்தால், "போ புள்ள, நஞ்சு" என்று தூக்கி அங்கால விடுவீர்கள். மீன் தலையெல்லாம் அதற்குத்தான். பூனைக்கு நஞ்சு என்று தெரிந்த சாமான் உங்களுக்கு மட்டும் பன்னீரா?

என்ட புருசன் மௌத்தான பிறகு ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் என் வாசலுக்கு இறைச்சிப் பை வரும். இல்லாதவர்கள் பங்கு. தருகிறவர்கள் நல்ல மனசோடுதான் தருகிறார்கள். ஆனால் வாங்குகிற கைக்கும் ஓர் ஆசை இருக்கும்தானே? ஒரே ஒரு முறை நான் குர்பான் கொடுக்க வேண்டும், என் பை நாலு வாசலுக்குப் போக வேண்டும் என்று நிய்யத்து வைத்துத்தான் அந்த வெள்ளைக் காதுக் கடாவைக் குட்டியிலிருந்து வளர்த்தேன். அது உங்களுக்கும் தெரியும். வேலியால் எட்டிப் பார்த்து, "ஆடு கொழுக்குது, மச்சி மெலியிறாய். அறுக்கிற நாளில மாறிப் புடிச்சிரப்படாது" என்று சிரித்தது நீங்கள்தான்.

பெருநாள் கிட்ட வர, காதுக்குப் பின்னால் உண்ணி பிடித்தது. நான் கொட்டிலைக் கூட்டி, கம்புகளுக்குச் சுண்ணாம்பு பூசி, வேப்பெண்ணெயைச் சவுக்காரத் தண்ணியில் கலந்து, துணியால் தடவிக் கையால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"எண்ணெய் தேச்சி மாப்புளக் கோலம் போடுறாய். பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டீர்கள்.

"பொண்ணு வீட்டார் உங்களத்தான் கேட்டாங்க. கொம்பு இல்லாதவன் வேணாம் எண்டுட்டுப் போனாங்க" என்றேன்.

அந்த வேப்பெண்ணெய் மெதுவாகத்தான் வேலை செய்தது. உண்ணி கடித்த இடம் புண்ணாகி, காது வீங்கியது. குர்பான் ஆட்டுக்குக் காது பழுதாகப்படாது. நான் கிணற்றடியில் இருந்து அழுததை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

சாய்ந்தமருதில் பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்தேன். கடா நாலு காலையும் அகட்டிக்கொண்டு நடுங்குகிறது. வாயால் நுரை வழிகிறது. நீங்கள் டாங்கியோடு பக்கத்தில் நிற்கிறீர்கள்.

"என்னத்தக் குடுத்தீங்க மச்சான்?"

"ஒண்டும் குடுக்கல்ல. உண்ணிக்கு அடிச்சன்."

"என்னத்த அடிச்சீங்க?"

"வயலுக்குக் கலந்ததில மிச்சம் கிடந்திச்சி. கொட்டினா வீண்தானே. ஒரு மூடிக் கணக்குத்தான்..."

"அது நெல்லுக்கு அடிக்கிற மருந்து! இது ஆடு! வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"காது போனா குர்பான் போயிரும் எண்டு நீதானே புள்ள அழுதாய்" என்றீர்கள். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டார். கையுறை தந்து, சவுக்காரம் போட்டு ஆட்டைக் கழுவச் சொன்னார். உங்கட போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காக்கா, இதில நெல்லுப் படம் இருக்கு. ஆட்டுப் படம் எங்க இருக்கு?" என்று உங்களிடம் கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்து போனது. நானும் கெட்டிக்காரி என்று காட்ட, "நான் இந்த நஞ்செல்லாம் தொடமாட்டன் டொக்டர். கோழிச் செள்ளுப் பேனுக்கும் புகையிலை ஊறவச்ச தண்ணிதான்" என்றேன்.

"அதுவும் நஞ்சுதான் ராத்தா. இலையால வந்தா நஞ்சில்ல எண்டு ஆர் சொன்ன? கோழிக்குச் சாம்பலும் மணலும் கலந்து குளிக்க வைங்க, கூட்டைக் கழுவிக் காய விடுங்க. வேப்பெண்ணெயும் அளவோட, புண்ணிலயும் கண்ணிலயும் படாம. அதுக்கும் கேக்காட்டி எங்களிட்ட வாங்க. ஆட்டுக்கெண்டு மருந்து இருக்கு, எடை பாத்துத் தருவம்."

போன மாரியில் என் கறுப்புக் கோழி ஏன் தள்ளாடி விழுந்து செத்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஆடு சாகக் கிடக்கிற இடத்தில் நீங்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள். விளக்குமாறு எட்டாத தூரத்தில் இருந்தது உங்கட நல்ல காலம்.

கடா பிழைத்தது. ஆனால் டொக்டர் போகும்போது சொன்ன சொல்லுக்கு ஊசி இல்லை. "இதிட இறைச்சி இப்ப திங்கப்படாது. நான் பாத்துச் சொல்ற வரைக்கும் அறுக்க வேணாம்." பெருநாள் அந்தக் கிழமை.

பெருநாளன்று காலை என் கொட்டிலில் ஆடு நின்றது, என் வாசலில் இறைச்சிப் பையோடு நீங்கள் நின்றீர்கள். நீங்கள் கூட்டுச் சேர்ந்து அறுத்த மாட்டில் உங்கட பங்கு. வாங்கவில்லை. கதவைச் சாத்தினேன். அன்றோடு உங்களோடு கதைக்கிறதை விட்டேன்.

நீங்கள் விடவில்லை. வேலிக்கு அங்கால நின்று என் ஆட்டோடு கதைப்பீர்கள். "கடா, உங்கட உம்மாட்டச் சொல்லு, ராத்தா சோத்துக்கு ஆணம் காய்ச்சி வச்சிருக்கா எண்டு." நான் கோழிக்குச் சொல்வேன்: "கோழி, அந்த மனிசனுக்குச் சொல்லு, கைய முதல்ல கழுவட்டாம்." ஒரு நாள், "கடா, சொல்லு, டாங்கி கழுவ இப்ப வயலிலயே இடம் பாத்துட்டன், கிணத்தடிக்குக் கொண்டு வாறல்ல" என்றீர்கள். அன்றைக்கு ஒரு நல்ல சொல் வாய் வரைக்கும் வந்தது. கோழிக்குக்கூடச் சொல்லவில்லை.

மாரி மழைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருதயம் என்றார்கள். மருந்துதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. அது உங்களுக்கு நல்லது செய்தது என்றும் சொல்லமாட்டேன். மையித்தை அடக்க எடுக்கும்போது கடா கத்தியது. எல்லோரும் அழுதார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் திரும்பக் கதைக்க வேண்டிய நாளை நானே பார்த்து வைத்திருந்தேன். கேட்காமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

இப்போது புகையிலைத் தண்ணியை விட்டுவிட்டேன். கோழிகள் சாம்பலில் குளிக்கின்றன. உங்கட போத்தல்களை ராத்தா தொடப் பயந்தா. கையுறை போட்டு நான்தான் எடுத்துப் பூட்டி வைத்தேன். ஆட்டுக்கு வேப்பெண்ணெய் அளக்கிறபோது மட்டும் என் வாய் தன்பாட்டில், "ஒரு மூடி காணும்" என்கிறது. என் வீட்டில் நீங்கள் விட்டுப்போன நஞ்சு அது ஒன்றுதான். அதைக் கழுவ எந்தச் சவுக்காரமும் கிடைக்கவில்லை.

டொக்டர் பார்த்து, இனி அறுக்கலாம் என்று சொல்லிவிட்டார். நேற்றுப் பெருநாள் தொழுகை முடிய வெள்ளைக் காதுக் கடாவை அறுத்தோம். காதில் ஒரு வடுவும் இல்லை. எனக்கு, சொந்தத்துக்கு, இல்லாதவர்களுக்கு என்று மூன்று பங்கு வைத்தேன். சொந்தத்துக்கு உள்ள பங்கில் முதல் பையைக் கட்டினேன், நல்ல தொடை இறைச்சியாகப் பார்த்து, ஓர் ஈரல் துண்டும் சேர்த்து. அது உங்கட வாசலுக்கு. கதவைச் சாத்த நீங்கள் இல்லை என்ற தைரியத்தில் நானே கொண்டு போனேன்.

முக்காட்டைச் சரி செய்யப் பையை வாசல் படியில் வைத்துவிட்டு, "ராத்தா" என்று கூப்பிட்டேன். ராத்தா வந்து கதவைத் திறந்தா. அதற்குள் உங்கட மஞ்சள் பூனை பையை முருங்கை மரத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் நின்று பார்த்தோம். அது ஈரல் துண்டை முதலில் தின்றது. பிறகு மற்றதையும் தின்றது.