கை எட்டாத இடம்

இன்று காலையும் தோசைக்கல்லில் அந்த வாசம் வந்தது. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம். நீ போன இந்த மூன்று மாதமாக நான் சுட்ட தோசை எல்லாமே லேசாகக் கசக்கிறது. மாவில் வெந்தயம் கூடிவிட்டது என்று நானே முடிவுகட்டி, குறைத்துக் குறைத்து, கடைசியில் போடுவதையே விட்டுவிட்டேன். கசப்பு மட்டும் போகவில்லை.

அந்த எண்ணெயை நீ எனக்காகத்தான் காய்ச்சுவாய். கண்டக்டர் வேலையில் காக்கிச் சட்டை வேர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, முதுகு உப்புத்தாள் போலச் சொரசொரத்துப் போயிருக்கும். விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தால் கிண்ணத்தோடு நிற்பாய். "திரும்புங்க" என்பாய், அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்து நிற்பேன்.

"ஆச்சா? முதல் நடை போயிடும்."

"போனா போகட்டும். ஈரம் காயறதுக்குள்ள தடவினாத்தான் தோல் குடிக்கும். வாழையைக் காயவிட்டுட்டு அப்புறம் தண்ணி விட்டா ஆச்சா?"

வாழைத்தோப்பு சூழ்ந்த ஜீயபுரத்துக்காரி. எதைப் பேசினாலும் வாழையில் கொண்டுவந்து நிறுத்தாமல் விடமாட்டாய்.

போன வாரம் அரிப்புத் தாங்காமல் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நம் மகள் வயதுதான் இருக்கும். ரொம்பச் சுடுதண்ணீரில் குளிக்க வேண்டாம், சோப்பைக் குறைங்க, குளித்த ஈரத்தோடு இந்த க்ரீமைத் தடவுங்க என்றாள். எல்லாம் நீ சொன்னதுதான், வாழை மட்டும் இல்லை. "முதுகுக்கு வீட்டுல யாரையாவது தடவச் சொல்லுங்க ஐயா" என்றாள். "சரிங்கம்மா" என்றேன். பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திய வாய்க்கு, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்ல வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில், ஸ்ரீரங்கம் வரும்வரை முதுகைச் சீட்டில் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

இன்று தோசை வார்க்கும்போது கோயம்புத்தூரிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். நீளமான மரக்கரண்டி நுனியில் சுற்றியிருக்கும் துணியால் நான் கல்லுக்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்ததும், "அய்யோ அப்பா, அதை எதுக்குக் கல்லுல தேய்க்கிறீங்க?" என்று கத்தினாள்.

"கல்லுக்குத்தானே இது?"

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அது அம்மா முதுகுக்குப்பா. அம்மாவே அந்த வேப்பிலை எண்ணெயைத் தடவிக்கிறதுக்குக் கட்டி வச்சது. உங்களுக்குத் தெரியாதா?"

அடுப்பை அணைத்துவிட்டேன்.

தெரியாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அத்தனை வருஷமாகத் தொங்கியது, எனக்குத் தெரியாது. உனக்கும் ஒரு முதுகு உண்டு, உன் கையும் அங்கே எட்டாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு தனியாக நின்று தடவிக்கொண்டிருப்பாய். ரிட்டையராகி ஆறு வருஷம் வீட்டிலேயே கிடந்தேனே, அப்போதாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீயாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். உன்மேல் கொஞ்சம் கோபம்தான். என்மேல் நிறைய.

மத்தியானம் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தவன், பழக்கதோஷம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டேன். உடம்பு காயத் தொடங்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு கரண்டியில் வேறு துணி சுற்றி, க்ரீமைத் தொட்டு, தோளுக்கு மேலாக விட்டேன். சரியாக நடுமுதுகுக்கு எட்டுகிறது. உன் பழைய துணியைத் துவைக்க மனசில்லாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

"திரும்பு" என்று ஒரே ஒரு சொல். முப்பத்தொன்பது வருஷத்தில் அதை நான் உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.