லைனில் ஒரே ஒரு சேர்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் யாரோ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதே பஸ்ஸில், ஒரகடம் ஃபேக்டரி வருவதற்குள், அசெம்ப்ளி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்த நீ, என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவாய்.

விபத்தில் முட்டி உடைந்து, பல மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, என் காலைப் பற்றி ஆளாளுக்கு ஒரு பேச்சு. உட்கார்ந்து செய்தால் போதும் என்றார் டாக்டர். எச்.ஆர். மேடம் சேர் போட்டு, என்னை அதில் உட்காரவைத்து போட்டோ எடுத்துக்கொண்டார். "விசிட்டர் வந்தா ஓரமா தள்ளிடும்மா" என்றார் சூப்பர்வைசர். என் வீட்டுக்காரரோ, "நொண்டிகினு போயி சம்பாரிக்கணுமா? ஊரு என்னப் பாத்து சிரிக்காது?" என்று குதித்தார். லைன் பெண்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? "நாங்க நின்னுகினு சாவுறோம், மகாராணிக்கு சேர் கேக்குதா?"

அத்தனை பேரும் நின்று வயர் கட்ட, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் கூசியது. வேலையை விட்டுவிடுவதென்றே முடிவு செய்திருந்தேன். அப்போதுதான் ஒரு டீ பிரேக்கில் நீ ஓடிவந்து அந்தச் சேரில் பொத்தென்று விழுந்தாய்.

"எனக்கும் கால் கடுக்குக்கா. கொஞ்சம் இருந்துக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தினமும் அதையே செய்தாய். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். சேர் மேலிருந்த கடுப்பு எப்படியோ போய்விட்டது. என் வேலையைக் காப்பாற்ற நீ போட்ட நாடகம் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

லீவில் ஊருக்குப் போன நீ திரும்பவில்லை; நீ செத்துப்போன செய்திதான் வந்தது. துக்கம் கேட்க போன் செய்தேன். உன் அம்மா அழுதபடி சொன்னார்: "ரொம்ப நாளாவே கால் வீங்கிட்டுல்லா இருந்துச்சு. கிட்னி போயிட்டுன்னாவ. ஒங்கிட்ட சொல்லலையாம்மா?"

சொன்னாய். தினமும் சொன்னாய். நான் பெர்மனென்ட், அதனால் என் கால் ஊர்ப் பேச்சானது. கான்ட்ராக்டில் இருந்த நீ வலி என்று வாய் திறந்திருந்தால், மறுநாள் உன் இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள். அதனால்தான் விளையாட்டுபோலச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்தாய். பக்கத்திலேயே இருந்தும் உன் காலை ஒருநாள்கூட நான் குனிந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, கண்ணு.

இப்போதெல்லாம் யார் கால் வலி என்றாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன். "ஐயோ, சும்மா சொன்னேங்க்கா" என்று பதறுகிறார்கள். அவர்கள் உட்காரும்வரை விடுவதில்லை. நீயும் சும்மாதான் சொல்கிறாய் என்று நம்பியவள் நான்.