மாடி அறையின் சுவிட்ச்

கொரோனா என்று ஊரை முடக்கிப் போட்டு, லாரியெல்லாம் நின்று, பண்ணைக்காரர்கள் முட்டையை வாங்க ஆளில்லாமல் குழி வெட்டிக் கொட்டிய வருசம்தான் மாப்ள, உன் இடது காலை எடுத்தார்கள். சர்க்கரை தின்ற கால். ஐப்பசியில் உன் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்கினோம், உனக்குத் துணையாக நானும் உன் வீட்டோடு வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் மட்டும் மாடியிலேயே நின்றது. அதையும் இறக்கிவிடலாம் என்றதற்கு, "அது கீழ வந்துட்டா நான் இனி மேல ஏறமாட்டேன்னு ஆயிருமப்பா" என்றாய்.

இன்றைக்குக் காலையில் உன் மகள் சுமதி அதை இறக்கி வைத்தாள். இந்த வெண்ணந்தூர் வீட்டை வாடகைக்கு விடப்போகிறாள். துணியால் துடைக்கும்போது தூசோடு சேர்ந்து உன் மூக்குப்பொடி வாசமும் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். "உங்கப்பனுக்கு ஒரு கடுதாசி போடோணும் சாமி" என்றேன். நோட்டை எடுத்து வந்தாள்.

ஒரு வருசமாக அவள் கேட்பது ஒன்றுதான். "படுத்த எடத்துல இருந்தே கம்ப்யூட்டரை எழுப்பத் தெரியுமே அப்பாவுக்கு. ஒத்தைக் காலோட மாடிக்கு எதுக்குங்க மாமா போனாரு?" நான் குனிந்துகொள்வேன். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு அவளை உட்கார வைத்திருக்கிறேன்.

நாம் ஆறு பேர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ஒரே போர் லாரியில் இருபது வருசம் சுற்றினோம். நீ மேனேஜர், நான் டிரில்லர். எந்தக் காட்டில் எத்தனை அடியில் பாறை, எங்கே ஈரம் என்று நீ நோட்டில் எழுதுவாய். நான் மண்டையில் வைத்துக்கொள்வேன். நோட்டு நனைந்துபோன நாட்களில் நீ என்னைத்தான் கேட்பாய்.

வடக்கே பாஷை தெரியாத ஓர் ஊரில் கந்தன் தண்டுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கேபினில் இருந்த, அந்த ஊரில் கூலிக்கு வந்த ஆள், குரல் கொடுக்காமல் ஸ்டார்ட் போட்டுவிட்டான். சட்டைக் கையைச் சுற்றி இழுத்த தண்டு, முழங்கையோடு கொண்டுபோனது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நீ எங்களுக்கு ஒரு கட்டளை போட்டாய். "இனிமே ஆள் எறங்குனா பேட்டரி வயரைக் கழட்டிட்டுத்தான் எறங்கோணும். கெளம்பறப்ப மிஷின்ல உசுரு இருக்கக்கூடாது." அன்றிலிருந்து என் கை அதைத்தான் செய்தது. லாரியை விட்ட பிறகும், வீட்டைப் பூட்டுமுன் மிக்சி, டிவி, ஃபேன் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குவேன். என் சம்சாரம் இருந்தவரை இதற்காகவே திட்டுவாள்.

வயதான பிறகு ஒருநாள், ஒரு குழந்தை போர்க் குழியில் விழுந்ததை டிவியில் காட்டினார்கள். நீ சோற்றைத் தள்ளி வைத்தாய். "நாம போட்டு உட்டதுல எத்தனை வாயைப் பொளந்துட்டுக் கெடக்குதோ" என்றாய். தண்ணீர் வராத போரில், நிலத்துக்குச் சொந்தக்காரர்களான காட்டுக்காரர்கள் வாயில் இறக்கிய கேசிங் பைப்பை உருவிக்கொண்டு போவார்கள். மேலே ஒரு சாக்கோ தகரமோ, ஒரு கல். சாக்கு மக்கிவிடும், தகரம் இற்றுவிடும். அது தெரிந்தேதான் அடுத்த ஊருக்கு லாரியை ஓட்டினோம்.

மறுநாளே ஆரம்பித்தோம். ராசிபுரத்திலிருந்து எருமப்பட்டி வரை, நம் லாரி தோண்டிப் பொய்த்த போர்களை ஒவ்வொன்றாக நான் சொல்ல நீ கம்ப்யூட்டரில் தட்டினாய். யார் காடு, எந்த மூலை, எந்த மரத்திலிருந்து எத்தனை எட்டு நடக்க வேண்டும். பிறகு காட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு மூடச் சொன்னாய். சிலர் உடனே மூடினார்கள். சிலர் வைது போனை வைத்தார்கள்.

கால் போன பிறகும் நீ விடவில்லை. உன் மருமகன் வந்து, போனில் தட்டினால் மாடியில் கம்ப்யூட்டர் எழுந்துகொள்கிற மாதிரியும், அதில் இருப்பதைப் போனிலேயே பார்க்கிற மாதிரியும் செய்து கொடுத்தார். எனக்குத்தான் விளங்கவில்லை. நான் ஜன்னல் சாத்த மேலே போனபோது, தொடாமலே அது உறுமிக்கொண்டு வெளிச்சம் போட்டது. பதறிக் கீழே ஓடி வந்தேன். நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாய்.

"பாறையவே தொளைச்சவன், பொட்டிக்குப் பயந்து ஓடியாரான்."

"ஆள் பக்கத்துல இல்லாம மிஷின் ஓடுனா அது பேய்தான் மாப்ள."

மருமகன்தான் பொறுமையாகச் சொன்னார். "தூங்கறப்பவும் வயர் போற எடத்துல ஒரு காது முழிச்சிருக்குங்க மாமா. ஊட்டுக்குள்ள ஓடற நெட்ல, போனு அதும்பேரைப் பதினாறு தடவை சொல்லிக் கூப்புடும். கேட்டதும் எந்திரிச்சுக்கும். பின்னால பச்சை லைட்டு எரியோணும், அவ்வளவுதான். செவுத்துல சுவிட்சை அணைச்சுட்டா காது செத்துரும். அப்புறம் எத்தனை கூப்புட்டாலும் எந்திரிக்காது."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை அணைத்துவிட்டேன். இரண்டு தடவையும் என்னையே மேலே ஏற்றி, போட வைத்தாய். "என்ற பேச்சை நாப்பது வருசமாக் கேட்டுக் கெட்டுப்போனவன் நீ ஒருத்தன்தாண்டா" என்றாய்.

போன வருசம் தை மாதம், எருமப்பட்டியில் என் சித்தி மகன் இறந்து கேதம். கிளம்புமுன் உனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு மேலே போனேன். அறையைக் கூட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன். பச்சை லைட் எரிந்தது. அதைப் பார்த்தேன். கை மறந்து செய்தது என்று சொல்லலாம், உன் மகளும் நம்புவாள். ஆனால் நான் பார்த்தேன் மாப்ள. அரை நாளில் என்ன ஆகிவிடும், ஆளில்லாத அறையில் மிஷினுக்கு எதற்கு உயிர் என்று நினைத்துத்தான் அணைத்தேன். உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். போன் வைத்துக்கொள்கிற வழக்கமும் எனக்கில்லை.

மதியத்துக்கு மேல் ஒருவர் உன்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். நாம் போர் போட்ட பழைய காடு ஒன்றை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர். பிறகு அவரே வந்து சொன்னார். "ஏனுங்க, இங்க ஒரு போர் இருக்குதுன்னு பக்கத்துக் காட்டுக்காரர் சொல்றாருங்க. எங்கன்னு அவருக்கும் தெரியலீங்க. கொழந்தைங்க ஓடியாடற எடமுங்க" என்று கேட்டாராம். பத்து நிமிசத்தில் சொல்கிறேன் என்றாயாம். நீ போனைத் தட்டியிருப்பாய். மறுபடி தட்டியிருப்பாய். மேலே சத்தம் வரவில்லை. உனக்கு அப்போதே விளங்கியிருக்கும், இது யார் வேலை என்று.

படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்புறமாக ஏறியிருக்கிறாய். சுவிட்சைப் போட்டு, இடத்தைப் பார்த்து, அவருக்குச் சொல்லியும் விட்டாய். தென்மேற்கு மூலை, புளியமரத்திலிருந்து பதினோரு எட்டு. நான் சொன்ன கணக்குதான். அவர் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்கு ஒரு சாண் கீழே தகரம் இற்றுக் கிடந்ததாம். அன்றைக்கே காங்கிரீட் போட்டார். மாடிப்படி இறங்கும்போது நீ விழுந்தாய். நான் சாயந்திரம் வந்தபோது வாசல் நிறைய ஆட்கள். மாடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

சுமதி, இதையும் எழுது சாமி. உங்கப்பன் மேலே போனது என்னால்.

பேனா நின்றுவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள். சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"ஒரு வருசமாக் கேட்டனே."

"ஆமா சாமி."

"அவருக்குத் தெரியுமுங்களா, நீங்கதான்னு?"

"தெரிஞ்சுதான் ஏறியிருப்பான்."

அவள் பேனாவை எடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கமாட்டேன். மேலே சொல்லுங்க என்றாள்.

மேலே சொல்ல இதுதான் இருக்கிறது மாப்ள. நீ கம்ப்யூட்டரில் தட்டாமல் விட்டுப்போன குழிகள் இன்னும் என் மண்டையில் கிடக்கின்றன. கண்ணை மூடினால் ஒவ்வொரு வாயும் தெரிகிறது. அதைச் சொன்னதும் சுமதி புதுப் பக்கம் திருப்பினாள்.

"இந்த எடமெல்லாம் தெரிஞ்சவங்க வேற யாருங்க இருக்காங்க?"

விரல் மடக்கிப் பார்த்தேன். கந்தன், கை போன மூன்றாம் வருசமே போய்விட்டான். கம்ப்ரசர் ஓட்டிய மாரிமுத்து நெஞ்சு வலியில் போனான். டிரைவர் சுப்பண்ணன் லாரியிலேயே போனான். சமையல் ராசு கொரோனாவில். பிறகு நீ.

மிச்சம் இருப்பது பழனிமுத்து ஒருத்தன், நான்தான்.