பெயரை மட்டும் எடுத்தார்கள்

செயிண்ட் ஜான்ஸ்
அக்டோபர் 4, 1997

அன்புள்ள கிளாரிஸ்,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டது! நம்மூர் கானட் துறையில் இத்தனை ஆண்பிள்ளைகள் நாற்பது வயதைத் தாண்டாமல் இதயம் நின்று போனதற்குக் காரணம் எங்கள் ஆய்வகத்தில் தெரிந்துவிட்டது. இனி யாருக்கு அந்தக் கோளாறு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லலாம். நெஞ்சில் சிறு கருவி ஒன்றை வைத்தால் நிற்கப்போகும் இதயத்தை அது உதைத்து எழுப்பிவிடும்.

நான் நம்மூர்க்காரிதான், ஆனாலும் நகரத்துக்குப் போய் நர்ஸ் ஆனவள். என் ஒருத்தியை நம்பி யார் கையை நீட்டியிருப்பார்கள்? வீடு வீடாக நீ கூட வந்ததால்தான் ரத்தம் கொடுத்தார்கள், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி எடுத்தார்கள். எங்கள் பேராசிரியர் உன்னை விசாரித்தார். நீ கொடுத்தனுப்பிய பேக்ஆப்பிள் பழ ஜாமை அவருக்குக் காட்டவேயில்லை.

உன் பள்ளித்தோழி,
லொரெட்டா

கானட் துறை
மார்ச் 15, 1998

அன்புள்ள லொரெட்டா,

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். கேக் காய்ந்து, கடைசியில் நாய் தின்றது. இந்தக் கோபம் ஈஸ்டர் வரைக்கும் இருக்கும்.

ஊரில் கருவி வைத்துக்கொண்ட பையன்கள் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். அப்பா சுகம். காட் மீன் பிடிக்கத் தடை வந்ததிலிருந்து ரேடியோதான் அவருக்குத் துணை. மீன்வளச் செய்தி ஓடும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது.

ஒன்று கேட்க வேண்டும். அன்று உன் காரில் வைத்துத் தம்பி அம்புரோஸைப் பற்றிச் சொன்னேனே, அவன் படகிலிருந்து தவறி விழவில்லை, இதயமும் நிற்கவில்லை, அவனாகத்தான் குதித்தான் என்று. சாவுக்கான காரணம் தப்பாக இருந்தால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும் என்று நீ சொன்னதால்தான் சொன்னேன். சித்தப்பாமார் போன மாதிரியே மகனும் போனான் என்றுதான் அப்பா நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் தூங்குகிறார். அது உன்னோடு இருக்கட்டும்.

அன்புடன்,
கிளாரிஸ்

கானட் துறை
பிப்ரவரி 9, 1999

லொரெட்டா,

நேற்று சாப்பாட்டு நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா மேசையில் இருந்தார். மீன்வளச் செய்தி முடிந்து வேறொரு நிகழ்ச்சி தொடங்கியது. டொராண்டோவிலிருந்து யாரோ ஒரு மனநல ஆராய்ச்சியாளர். பரம்பரை நோய் உள்ள குடும்பங்களில் பயமே எப்படி ஆளைக் கொல்கிறது என்று பேசினார். நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் ஒரு சிறிய மீன்பிடித் துறையாம். சிவப்புக் கூரை தேவாலயமாம். முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகாதவன், தனியாகப் படகில் போனானாம். குடும்பம் இதயம் என்று நம்பியதாம். உண்மையைச் சொன்னது அக்காவாம்.

ரேடியோவை அணைக்க எழுந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். முழுக்கக் கேட்டார். டீ ஆறிப்போயிருந்தது.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?" என்றார்.

நான் ரேடியோவை அணைத்தேன்.

"அன்னிக்கேவா?"

தலையை ஆட்டினேன்.

"அவன் கல்லறைக்கு நாம சேர்ந்துதானே போனோம், ஒவ்வொரு வருசமும்," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு லியாண்டர் மாமா வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பவில்லை.

உனக்கு மட்டும் சொன்னது அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

கிளாரிஸ்

செயிண்ட் ஜான்ஸ்
பிப்ரவரி 20, 1999

என் அன்புக் கிளாரிஸ்,

எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. அந்த டொராண்டோக்காரரின் குழு எங்கள் தகவல்களைக் கேட்டது. பேராசிரியர் என்னிடமும் கேட்டார், ஆபத்தில்லை என்றுதான் நானும் சொன்னேன். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் நீக்கித்தான் கொடுத்தோம். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலும் 'பிற்கால ஆராய்ச்சிக்கும்' என்று ஒரு வரி இருக்கிறது. விதிப்படி தவறில்லை. அவர் ரேடியோவில் இப்படி விவரித்துப் பேசுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துப் பார். அம்புரோஸைப் போல இன்னொரு பையன் பயந்துகொண்டு எங்கேயோ உட்கார்ந்திருப்பான். அவனைக் காப்பாற்ற இந்தத் தகவல் உதவாதா? நான் வந்து அப்பாவிடம் பேசட்டுமா?

உன்,
லொரெட்டா

கானட் துறை
மார்ச் 28, 1999

லொரெட்டா,

வர வேண்டாம்.

பெயரை நீக்கினோம் என்கிறாய். இந்த ஊரில் நீயும்தானே வளர்ந்தாய்? இங்கே யாருக்குப் பெயர் வேண்டும்? மறுநாளே கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

அந்த வரியை நீ யாருக்கும் படித்துக் காட்டவில்லை. இதயத்துக்கு மட்டும்தான் என்று என்னிடம் சொன்னாய். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் உட்கார்ந்து அதையே நான் சொன்னேன். அவர்கள் நம்பியது உங்கள் பல்கலைக்கழகத்தை அல்ல, என்னை.

அதனால் மறுபடியும் வீடு வீடாகப் போனேன், இந்த முறை தனியாக. நடந்ததைச் சொன்னேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு என்றும் சொன்னேன். சிலர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. லியாண்டர் மாமாதான் டீ போட்டுக் கொடுத்தார். "பயந்துட்டிருக்கிற இன்னொரு பையனுக்கு உதவும்னா குடுத்திருப்பேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்றார். அவர் தன் ரத்தத்தை அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார். வேண்டாம் என்றவர்களின் கடிதங்கள் உங்கள் பேராசிரியருக்குத் தனியே வரும்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என்னோடு மேசையில் உட்காருவதில்லை. தட்டை அறைக்கு எடுத்துப் போகிறார். உன் மேல் அவருக்குக் கோபமில்லை. உன்னை அவர் நம்பியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

என் மகள் நோரீனுக்கும் அந்தக் கோளாறு உண்டு என்று உங்கள் சோதனை சொன்னது. அவளுக்குப் பதினேழு வயது. மே பன்னிரண்டாம் தேதி கருவி வைக்க அவளை அங்கே கூட்டி வருகிறேன். அவள் ரத்தமும் சீட்டுகளும் ஆராய்ச்சிக்குத் தேவையென்றால் எடுத்துக்கொள்ளட்டும். அவளிடம் கேட்டேன், சம்மதித்தாள். எதற்கெல்லாம் என்பதை வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்.

வேறொரு நர்ஸிடம் சொல். அன்று நீ லீவு போட்டுவிடு.

கிளாரிஸ் பார்டி