டேகுக்காரி நாக்கு

பிப்ரவரி 20, காற்று

பார்லித் தண்ணீர் மறுபடியும் சுண்டிக் கருகிவிட்டது. நான் மாடியில், எங்கள் வீட்டில் வந்து தங்கும் விருந்தினர்களின் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். அங்கேயே எனக்கு நெடி ஏறியது. ஓடி வந்து பார்த்தால் என் புருஷன், எங்கள் பிள்ளை சோலின் அப்பா, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். புகை கண்ணைக் கரித்த பிறகுதான் எழுந்தார்.

"ஏதோ யோசனைல விட்டுட்டேன்" என்றார்.

என்ன யோசனை? பக்கத்து வீட்டுச் சம்-ரே அக்கா என்ன மீன் சுடுகிறாள் என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லக்கூடிய மூக்கு அவருடையது. ஜனவரியில் அந்தக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஆளே ஒரு மாதிரியாக இருக்கிறார். சாப்பாட்டில் குறை சொல்வதில்லை. நான் வைத்த சூப்பைக்கூடக் குறை சொல்வதில்லை! எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 23

கூ ஆசிரியர் போன் செய்தார். ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு மார்ச்சும் முதல் படகில் வந்து இறங்குகிறவர்.

"மாசிப்பத்திரி தலை காட்டிடுச்சாம்மா?"

"இப்பதான் எட்டிப் பாக்குது, சார்."

"எட்டாம் தேதி வர்றேன். வருஷம் முழுக்க அந்த ஒரு கிண்ணத்தை நினைச்சுக்கிட்டுத்தான் ஓட்டுறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

மாசிப்பத்திரிக் கொழுந்து போட்ட நாக்கு மீன் சூப். எதிர்க்கரையில் டோங்யோங் நகரத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் பனிக்காற்றைத் தின்று வளர்ந்த எங்கள் தீவுக் கொழுந்துக்கு ஈடு கிடையாது. அதை இவர் கைப்பக்குவத்தில் குடிக்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். படகுத்துறையிலிருந்து நடந்துதான் வர வேண்டும், வண்டி கிடையாது. தீவில் என்ன கிடைக்கிறதோ அதுதான் சாப்பாடு. அப்படியும் வருகிறார்கள்.

சொன்னேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 26

"வாசனை தெரியலையா உங்களுக்கு?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். "சும்மா தொணதொணக்காதே" என்று, தைக்கப் போகிறவர் மாதிரி வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிழிசலே இல்லாத வலை.

மார்ச் 1, விடுமுறை, நல்ல வெயில்

எப்படி எழுதுவேன் இதை. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

சியோலிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். சொந்தத் தண்ணீர்க் குப்பி, சொந்தச் சாப்பாட்டுக் குச்சிகள், துணிப்பை - நாங்கள் கேட்டதற்கு மேலேயே ஒழுங்கு. நடந்து வந்த களைப்பு. வழக்கம்போல் சோல் அப்பா முதலில் பிளம் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து கொடுத்திருக்கிறார்.

இந்த வீட்டில் பிளாஸ்டிக் நுழையக் கூடாது என்பது என் சட்டம். அதனால் எல்லாமே பழைய பச்சை சோஜு சாராய பாட்டில்களில்தான் இருக்கும். பிளம் பாகு, எள் எண்ணெய், நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த சாறு, எல்லாம். சீட்டு ஒட்டலாமே என்று நான் சொன்னபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "மூக்கு எதுக்கு இருக்கு?"

நான் கூடத்துக்கு வந்தபோது அந்தப் பெண், ஆ-ரம் என்று பேர், பாதி டம்ளரைக் குடித்து முடித்திருந்தாள். கண்ணில் நீர் நிற்கிறது. முகத்தில் சிரிப்பு.

"இது இந்தத் தீவோட பாரம்பரிய பானமா, அம்மா? கடலையே குடிச்ச மாதிரி இருக்கு."

"நல்லா... ஆழமா இருக்கு" என்றான் புருஷன். இன்னும் ஒரு மிடறு குடித்தான், பாவி.

சோல் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க தோட்டத்துப் பழம்தான். மூணு வருஷம் ஊறினது."

"பழமா?" என்றாள் அவள்.

டம்ளரை வாங்கி முகர்ந்தேன். நெத்திலிச் சாறு! என் முகத்தை அவர் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கித் தன் மூக்கருகே வைத்துக்கொண்டார். வெகுநேரம் வைத்திருந்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நான் அந்தப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆ-ரம் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊருக்குப் போய்ச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் பின்கட்டு வரை கேட்டிருக்கும்.

மார்ச் 2

அவர்களைப் படகேற்றிவிட்டு வந்த பிறகு அவராகவே சொன்னார். காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். நாக்கில் உப்பு ஒரு நாள் மங்கலாகத் தெரிகிறதாம், மறுநாள் அதுவும் இல்லையாம்.

"காகித அட்டையைத் தின்ற மாதிரி இருக்கு, சோல் அம்மா. வந்துரும், வந்துரும்னு பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ மொகத்தைப் பாத்துக்கிட்டே இருப்ப. இப்ப பாக்குறியே, அந்த மாதிரி."

டோங்யோங் டாக்டரைத் தனியாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். கூ ஆசிரியரை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அடுப்படிக் கதவையும் சாத்தினார். சாத்துகிற கதவா அது? எப்போதும்போல் திரும்பத் திறந்துகொண்டது.

நான் போன் செய்யவில்லை.

மார்ச் 3

இன்றும் அவர் அடுப்படிக்குள் வரவில்லை. வீடு வீடாகவே இல்லை.

மார்ச் 5, மேகமூட்டம்

நான்தான் சமைக்கிறேன். சம்-ரே அக்கா மீன் கொண்டுவந்தவள் என் கீரையில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்டி, கடல் பத்தலைன்னு இன்னும் உப்பு கொட்டுனியா?" என்றாள்.

நான் டேகுக்காரி. மலை சூழ்ந்த ஊரில் உப்பு தூக்கலாகத் தின்று வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பைக் குடித்துவிட்டு இவர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து, "டேகுக்காரி நாக்கை அடுப்படிக்கு வெளியில கழட்டி வெச்சிட்டு வா" என்பார். இந்தத் தீவில் கீரை பிசைகிற எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு பிடி உருட்டி நம் வாயில் போட்டு "உப்பு பாரு" என்பார்கள். சம்-ரே அக்கா தபால்காரர் வாயில்கூடப் போடுவாள். எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் ஒரு தடவைகூட என்னிடம் உப்புப் பார்க்கக் கொடுத்ததில்லை.

எனக்கு அதில் வருத்தம் உண்டா? உண்டு. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 7

கூ ஆசிரியரை நான் தடுக்கவில்லை என்பது சோல் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டார். நான் கத்தியும் கூடையும் எடுத்துக்கொண்டு தெற்குச் சரிவுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம்.

"வேரோட பிடுங்குற! அடுத்த வருஷம் எதைத் திம்ப? கொழுந்தை மட்டும் அறு. ஒரே புதர்ல மொட்டையடிக்காதே, தள்ளித் தள்ளி எடு."

"தெரிஞ்சவங்க வந்து அறுக்கலாமே" என்றேன்.

கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். அந்தக் கை எத்தனை லாவகமாகப் போகிறது! ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் கசக்கி, பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திவிட்டார். கை அப்படியே நின்றது.

எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்து இழுத்து என் மூக்கில் வைத்துக்கொண்டேன்.

"மணம் வந்திருச்சு," என்றேன். "நல்லா வந்திருச்சு. போன வருஷத்தைவிடக் காரமா இருக்கு."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

விரலை உடனே எடுக்கவில்லை அவர்.

மார்ச் 8, தெளிந்த வானம்

கூ ஆசிரியர் முதல் படகில் வந்துவிட்டார். பிளம் பாகை நானே முகர்ந்து பார்த்துக் கலந்து கொடுத்தேன்.

சோல் அப்பா காலையிலேயே அடுப்படியில் இருந்தார். அரிசி களைந்த தண்ணீரில் சோயா விழுதைக் கரைத்தார். சம்-ரே அக்கா தந்த நாக்கு மீன்களைப் போட்டார். மீன் வெந்ததைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டு, கொழுந்தை அள்ளிப் போட்டு, பச்சை மாறுவதற்குள் தீயை அணைத்தார். அதுவரை எல்லாம் பழையபடிதான். பிறகு உப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் போடாமல் நின்றார்.

நான் வாசற்படியில்தான் நின்றிருந்தேன். உள்ளே போகவில்லை.

"சோல் அம்மா."

"ம்?"

"இங்க வா." கரண்டியில் எடுத்து, ஊதி ஊதி, என் வாயருகே நீட்டினார். "உப்பு பாரு."

குடித்தேன். அவசரத்தில் விழுங்கியதில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு மிடறு குடித்தேன்.

"கொஞ்சம் கம்மி" என்றேன்.

உப்புக் கிண்ணத்தை மூடிவிட்டார். "அப்ப சரியா இருக்கு."

"என்ன சரியா இருக்கு? கம்மின்னுதானே சொல்றேன்!"

"உனக்குக் கொஞ்சம் கம்மின்னா ஊருக்குச் சரின்னு அர்த்தம். இத்தனை வருஷமா உன்னோட சாப்பிடுறேன், அந்த டேகு நாக்கு எனக்குத் தெரியாதா?"

கூ ஆசிரியர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "ஆ, வசந்தம் வந்திருச்சு" என்றார். அப்புறம் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

ஆசிரியர் சரிவில் நடக்கக் கிளம்பிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இன்றைக்கும் தனக்கு ருசி எதுவும் தெரியவில்லை என்றார் சோல் அப்பா. சூடு மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.