கை தட்டினோம்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது. இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

நீ மூன்று நாளாகக் கூப்பிடுவது தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ பிள்ளைகள் படிப்பு, ஆபீஸ் டென்ஷன் என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

கடையில் வேலை வழக்கம்போல. கண்ணாடி வாங்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவரை உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். மேல் வரியே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் திரும்பி என்னைப் பார்த்து, டிவியில கை தட்டினோம்னு சொன்ன அம்மாதானே நீங்க என்று கேட்டார். முதலாளிக்குப் பெருமை. நான் அவர் கண்ணுக்கு அடுத்த லென்ஸை மாட்டினேன்.

நீ உன் டிவி சேனல் ஆபீசில் பார்த்தது என் முகத்தையும் குரலையும்தான். அதற்கு முன்னால் நடந்ததை நான் உனக்குச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

நம் ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கும் புது மெஷின் வந்த நாளில் மேடைக்கு மைக்செட் போட்டது உன் அத்தான்தான். கட்சிக் கூட்டம் என்றால் காசு வாங்காத மனுஷன், அன்றைக்கு வாங்குவாரா? தனக்கே சிறுநீரகம் போய்விட்டது, இருக்கிற ஒரே பழைய மெஷினுக்கு இனி காத்துக்கிடக்க வேண்டாம் என்று அத்தனை சந்தோஷம். உடம்பு முடியாமல் இருந்தும் ஸ்பீக்கரைக் கட்ட அவரே ஏணியில் ஏறினார். அமைச்சர் ரிப்பன் வெட்டினார். தொகுதி உறுப்பினர் மெஷின்மேல் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் தூசி படும் என்றார்கள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தான் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த மெஷினை அது வந்த வண்டியிலேயே திரும்ப ஏற்றினார்கள். என்ன என்று கேட்டதற்கு, அடுத்த ஊரில் நாளைக்குத் திறப்பு விழா, முடிஞ்சதும் இங்கேயே வந்துடும் என்றான் டிரைவர். கட்டுவதற்குக் கயிறு போதவில்லை. அத்தானிடம்தான் கேட்டார்கள். ஸ்பீக்கர் கட்டும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், ஆடாமல் இருக்க முடிச்சும் போட்டுக் கொடுத்தார்.

மெஷின் வரவில்லை. கயிறும் வரவில்லை.

அன்று இரவுச் செய்தியில் உங்கள் சேனல், ஆஸ்பத்திரியில் புது மெஷின் ஓடுவதாகச் சொன்னது. நான் அத்தான் முகத்தைப் பார்த்தேன். கயிறு கொடுத்த மனுஷன், வந்திருக்கும்போல இருக்கே என்றார். நம்ம பையன் வேலை பார்க்கிற இடம், பொய் சொல்லமாட்டாங்க என்றும் சொன்னார்.

கொஞ்ச நாளில் இருந்த ஒரே பழைய மெஷினும் நின்றுபோனது. எங்கள் கூடவே சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த தபால்காரரும், உன் அத்தானும், இன்னும் சில பேரும், துணைக்கு வீட்டுப் பெண்கள் நாங்களும் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போக ஆரம்பித்தோம். போக அரை நாள், வர அரை நாள். வரும்போது தபால்காரருக்கு வாந்தி நிற்காது. அவர் மனைவியும் நானும் ஆளுக்கொரு ஜன்னல் ஓரத்தைப் பிடித்து இவர்களை உட்காரவைத்துவிட்டு, நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வருவோம். வீட்டுக் கதை முழுக்க அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசியதுதான். அந்த அம்மா எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் தபால்காரர், எத்தனையோ வருஷம் ஊர் பூரா அலைஞ்சேன், இனி எங்கேயும் போகலை என்று சொல்லிவிட்டார். சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. உங்கள் சேனல் ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மெஷின் பற்றிச் சொல்லுங்க என்று மைக்கை நீட்டினார்கள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். மெஷின் வந்தது, நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், சாயங்காலம் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்றைக்கு ஒருவர் சாகக் கிடக்கிறார் என்றேன். நன்றாகப் பேசினீங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் நீ போன் செய்தாய். அக்கா, இன்னைக்கு டிவி போடாதே, அத்தானுக்கு ஓய்வு வேணும் என்றாய். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன் தம்பி. பக்கத்து வீட்டுக்காரி வந்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மெஷின் வந்தது, நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவ்வளவுதான். அதற்குமேல் பாட்டு. நான் நன்றி சொல்லும் ஏழைப் பெண்மணி.

அந்த வாரமே தபால்காரர் போய்விட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை. என்னை உட்காரச் சொன்னார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காமல், கை தட்டினீங்களாமே என்று மட்டும் கேட்டார். நான் முழுசாகச் சொன்னதை எடுத்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

என் பேச்சை வெட்டியது யார் என்று நான் கேட்டதற்கு நீ, மேலே இருந்து சொன்னாங்க அக்கா, நான் வெட்டாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவன் வெட்டுவான் என்று செய்தி அனுப்பினாய். உண்மையாகத்தான் இருக்கும். அவன் வெட்டியிருந்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும்.

எதிர்க்கட்சிக்காரர்களின் சேனல் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். மெஷின் இல்லாமல் செத்துப்போனவரின் வீடு இது என்று யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இறந்துபோன உங்க வீட்டுக்காரர் படம் ஒண்ணு வேணும் என்றாள். அத்தான் நாற்காலியில்தான் இருந்தார். நான்தாம்மா அது என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படின்னா சார் கொஞ்ச நேரம் உள்ளே போய் இருக்க முடியுமா என்று கேட்டாள். நான் போகச் சொல்லிவிட்டேன். தபால்காரர் வீட்டை எப்படியோ கண்டுபிடித்து, ஓட்டுப்போடும் நாள்வரை அந்த அம்மாவை அழவைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஓட்டு முடிந்ததும் அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஓட்டுப்போட அத்தானைக் கூட்டிப்போகக் கட்சி கார் வந்தது. பகுதிச் செயலாளர் கேமராக்காரனோடு வந்திருந்தார். நான் நடந்தே வர்றேன் என்றார் அத்தான். நடக்க முடியாத மனுஷன். கடைப்படி, சுவர், பள்ளிக்கூட கேட் என்று உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சொன்ன சின்னம், அதற்குப் பிறகு இவர் சொன்ன சின்னம் என்றுதான் நான் போட்டுவந்தேன். அன்றைக்கு இவர் எதுவும் சொல்லவில்லை. வேட்பாளர்கள் பெயரை முதல் தடவையாக மேலிருந்து கீழே வரைக்கும் படித்தேன். சீக்கிரம்மா என்றார் அதிகாரி. கேமரா முன்னால் கேட்டபோது யாருக்கும் அவசரம் இல்லை, இங்கே மட்டும் என்ன என்று மனதில் நினைத்துக்கொண்டு நிதானமாகவே போட்டேன். யாருக்கு என்று உனக்குச் சொல்லமாட்டேன். அத்தானுக்கும் சொல்லவில்லை. அவரும் எனக்குச் சொல்லவில்லை.

மெஷின்மேல் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட அதே ஆள்தான் ஜெயித்தார். முன்னைவிட அதிக ஓட்டு. வெற்றி ஊர்வலத்துக்கு மைக்செட் கேட்டு வந்தார்கள். ரிப்பேர் என்றார் அத்தான். அது நன்றாகத்தான் இருக்கிறது. கட்சிக்கு அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு, அவர்கள் போகும்வரை தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

இப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கடையில் சிரிக்கிறார்கள். செய்தியில் நம் ஊர்ப் பெயர் வந்தால் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மார்க்கெட் பக்கம் புதுப் பாலம் திறந்தாயிற்று என்றார்கள். போனேன், பாதிப் பாலம்தான் இருந்தது. பள்ளிக்கூடக் கூரை விழுந்துவிட்டது என்றது அடுத்த சேனல். போனேன், கூரை அப்படியே இருந்தது. நம் ஊரைப் பற்றியே இவ்வளவு என்றால், நான் போய்ப் பார்க்க முடியாத ஊர்களைப் பற்றி, அங்கே இருக்கும் ஜனங்களைப் பற்றி, இத்தனை வருஷமாக எதையெல்லாம் நம்பியிருக்கிறேன்? யாரையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து திட்டியிருக்கிறேன்?

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. என்னை மறுபடி டிவியில் காட்டு என்றும் கேட்கவில்லை. நான் அன்றைக்கு முழுசாகப் பேசியது உங்கள் ஆபீசில் எங்கேயாவது இருந்தால், அதை உன் போனில் எடுத்துக்கொண்டு வா. தபால்காரர் வீட்டுக் கதவை நீ தட்டு. நான் பின்னால் நிற்கிறேன். அந்த அம்மா கேட்டுவிட்டு என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

என் பேச்சை வெட்டியது உன் கைவேலை என்று அத்தானுக்கு நான் சொல்லவில்லை. எவனோ வெட்டிட்டான், நம்ம பையனுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்கமாட்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வாயால் அதை உடைக்க மனசு வரவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நீயே வந்து முடிவு செய்துகொள்.

அத்தான் இந்த வாரம் பஸ் ஏற வரவில்லை. முந்தின வாரம் ஒரு தடவைதான் வந்தார். எங்கேயும் போகலை என்று நேற்று சொன்னார். அவருக்கு நீ என்றால் உயிர். நீ கூப்பிட்டால் ஒருவேளை கிளம்புவார்.

நீயும் உன் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் பதில் போடாதே, தம்பி.

என்றும் உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா